இரண்டு பங்கு சீனி

போன சித்திரையில் திருநெல்வேலியிலிருந்து வந்த அத்தை, கால் கிலோ நன்னாரி வேரைக் கொடுத்துவிட்டுப் போனாள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. செய்தித்தாளில் சுற்றி சணல் கட்டியிருந்தது. பிரித்ததும் வீடு முழுக்க ஆச்சியின் அடுக்களை வாசம். ஆச்சி போய் 11 வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கோடைக்கும் நன்னாரி சர்பத் காய்ச்சி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஊற்றி, அடுக்களைப் பலகையில் வரிசையாக வைத்திருப்பாள். அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. பங்குனியில் காய்ச்சினால் ஆடி வரைக்கும் அது அப்படியே இருக்கும்.

நானே காய்ச்சிப் பார்ப்பது என்று இறங்கினேன். அப்பாவுக்கு 20 வருஷமாகச் சர்க்கரை நோய். அதனால் சீனியைக் குறைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காபிக்கடைகளில் குளிர் காபிக்கும் மதுக்கூடங்களில் காக்டெயிலுக்கும் ஊற்றுகிற 'சிம்பிள் சிரப்' ஒரு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சீனிதான். உலகமே அப்படித்தான் செய்கிறது என்று அதையே எடுத்துக்கொண்டேன். சமையலறைத் தராசில் கிராம் கணக்காக நிறுத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, ஆச்சியைப் போலவே வெளியில் பலகையில் வைத்தேன். ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தால் மேலே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி மிதக்கிறது.

அத்தைக்கு ஃபோன் போட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னாள்: "ஏல, அம்மா ஒரு தம்ளர் தண்ணிக்கு ரெண்டு தம்ளர் சீனில்லா போடுவா. நீ பாதியாக் கொறச்சா அது கஷாயம். கஷாயம் பாட்டில்ல நிக்குமா?"

அந்த இரண்டு தம்ளர் எங்கிருந்து வந்தது? மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பழக்கமான கேள்வி. பழைய நிரலில் யாரோ ஓர் எண்ணை எழுதிவைத்துவிட்டு ஓய்வுபெற்றுப் போயிருப்பார். அது ஏன் அங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. மாற்றினால் எல்லாம் விழும். ஆச்சியின் இரண்டும் அப்படிப்பட்ட எண்தான் என்று தோன்றியது.

முதலில் பெயரிலிருந்து தொடங்கினேன். சமஸ்கிருதத்தில் 'சர்க்கரா' என்றால் பருக்கைக்கல், மணல். கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் காய்ச்சி மணல்போல ஆக்கியதும் அதற்கும் அதே பெயர் வந்தது. அது பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'சுக்கர்', லத்தீன் வழியாக ஐரோப்பா போய் ஆங்கிலத்தில் 'சுகர்'. கடைசியில் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தபோது நோயின் பெயராக வந்திருக்கிறது. "அவருக்கு சுகர்" என்கிறோம். வீட்டில் பொடிக்குப் பெயர் சீனி, நோய்க்குப் பெயர் சுகர். தெற்கே நாங்கள் சொல்லும் சீனிக்குள் சீனா இருக்கிறது என்பார்கள். ஆனால் அந்தச் சீனாவே காய்ச்சும் வித்தையைக் கற்றுக்கொள்ள கி.பி. 647-ல் டாங் பேரரசர் தைசோங் காலத்தில் மகதத்துக்குத் தூது அனுப்பியதாக அவர்களுடைய வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன.

இன்னொரு சொல், அரபியின் 'ஷரிப'. குடித்தல் என்று பொருள். அதிலிருந்து 'ஷராப்', பருகும் பொருள். அது இடைக்கால லத்தீனில் 'சிரோப்பஸ்' ஆகி, பிரெஞ்சில் 'சிரோ' ஆகி, ஆங்கிலத்தில் 'சிரப்' ஆனது. அதே வேரின் இன்னொரு கிளை பாரசீக, துருக்கி மொழிகள் வழியாக 'சர்பத்'. இத்தாலிக்காரர்களின் 'சொர்பெத்தோ' ஐஸும் அதுதான். இந்தியில் 'ஷராப்' மதுவாகிவிட்டது. ஆக, பேருந்து நிலையத்தில் குடிக்கும் சர்பத்தும், குழந்தைக்கு இருமல் வந்தால் மூடியில் அளந்து கொடுக்கும் சிரப்பும் உடன்பிறந்தவை. பெயரளவில் மட்டும் இல்லை, வேலையளவிலும்.

கரும்பைப் பிழிந்து காய்ச்சுவது நமக்குப் புதிதே அல்ல. பெரும்பாணாற்றுப்படையில் கரும்பு எந்திரங்களின் ஓயாத இரைச்சலும் புகை சூழ்ந்த ஆலைகளும் வருகின்றன. வழிப்போக்கர்கள் அங்கே சாறு வாங்கிக் குடிக்கலாம். அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் சொல்கிறார். அர்த்தசாஸ்திரம் கரும்பிலிருந்து வருபவற்றைப் பாகில் தொடங்கி வெல்லம், கண்டம், சர்க்கரை என்று வகை பிரிக்கிறது. இந்தக் கண்டம்தான் நம் கற்கண்டிலும் ஆங்கிலேயரின் 'கேண்டி'யிலும் ஒட்டிக்கொண்டிருப்பது. ஆனால் நம் பாகு பெரும்பாலும் பண்டத்தை நோக்கிப் போனது: அதிரசம், பொரிவிளங்காய், கடலை உருண்டை. பாகை நீர்ப்பதத்திலேயே நிறுத்தி, பாட்டிலில் அடைத்து, மாதக்கணக்கில் வைத்துக் குடிப்பதை ஒரு தனித்தொழிலாக வளர்த்தவர்கள் அரபு உலகத்து மருந்துக்காரர்கள்.

கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் சர்க்கரை ஓர் அபூர்வ மருந்து. முதல் நூற்றாண்டில் டயோஸ்கொரைடீஸ், இந்தியாவிலும் அரேபியாவிலும் நாணலில் உண்டாகும் ஒருவகைக் கெட்டித்தேன், உப்பு மாதிரி பல்லில் நொறுங்கும் என்று எழுதினார். அதை மூட்டை மூட்டையாகக் காய்ச்சியது இஸ்லாமிய உலகம். சிரியா, எகிப்து, ஸ்பெயின் என்று கரும்பு போன இடமெல்லாம் மருந்துக்கடையும் கூடவே போனது. கெய்ரோவின் பழைய யூத ஆலயம் ஒன்றில் கிடைத்த ஆயிரக்கணக்கான இடைக்காலக் காகிதங்களில் 'ஷராபி' என்பது சர்வசாதாரணமான தொழிற்பெயர். சிரப் காய்ச்சி விற்பவர் என்று பொருள். ரோஜா, ஊதாப்பூ, மாதுளை, புளி, எலுமிச்சை என எல்லாவற்றையும் சர்க்கரைப் பாகில் இறக்கினார்கள். காரணம் ருசி மட்டும் இல்லை. ரோஜா வருஷம் முழுக்கப் பூக்காது. நோய் வருஷம் முழுக்க வரும்.

ஐரோப்பா இதை அப்படியே வாங்கிக்கொண்டது. கையில் முக்கியமான பொருள் இல்லாமல் தொழில் செய்பவனை 'சர்க்கரை இல்லாத மருந்துக்கடைக்காரன்' என்று கிண்டல் செய்வது பிரெஞ்சுக்காரர்களின் பழைய வழக்கு. விரத நாளில் மசாலா சேர்த்த சர்க்கரை சாப்பிட்டால் விரதம் முறியுமா என்று 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸிடம் வந்து நின்றது கேள்வி. முறியாது, அது பசிக்காகச் சாப்பிடுவதில்லை, செரிமானத்துக்காகச் சாப்பிடுவது என்றார். பக்கத்தில் எங்கள் ஆச்சி இருந்திருந்தால் தலையாட்டியிருப்பாள். ஏகாதசியன்று சுக்குத்தண்ணீர் குடிப்பதற்கு அவள் சொன்ன நியாயமும் இதேதான்.

இந்த மருந்துக்கடைப் பாகுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஊதாப்பூ சிரப். ராபர்ட் பாயில் 1664-ல் வெளியிட்ட நிறங்களைப் பற்றிய நூலில், அந்த நீலச் சிரப்பில் புளிப்பு அமிலத்தை விட்டால் சிவப்பாகிறது, காரத்தை விட்டால் பச்சையாகிறது என்று விவரித்தார். பள்ளிக்கூட லிட்மஸ் தாளின் கொள்ளுப்பாட்டி ஓர் இருமல் மருந்து. இதை வீட்டில் செய்துபார்க்க ஊதாப்பூ வேண்டியதில்லை. சங்குப்பூ போதும். பத்துப் பதினைந்து பூவை வெந்நீரில் ஊறவைத்து வடித்து சீனி கலந்தால் மைநீலச் சிரப். அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். என் மகளுக்கு நாலு வயசு. அவளைப் பொறுத்தவரை என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான்.

நன்னாரிக்கு வருவோம். சென்னை ராஜதானியின் படைமருத்துவர் வைட்லா எய்ன்ஸ்லி 1813-ல் சென்னையில் இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கடைத்தெருவில் கிடைக்கும் ஒவ்வொரு சரக்குக்கும் தமிழ்ப் பெயர் முதலிய நாட்டு மொழிப் பெயர்களைத் தொகுத்த புத்தகம். அதில் நன்னாரி வேர் இருக்கிறது, 'நாட்டு சார்சபரில்லா' என்ற விளக்கத்தோடு. சார்சபரில்லா அமெரிக்காக் கண்டத்து வேர். பால்வினை நோய்களுக்கு மருந்து என்று ஐரோப்பா அதை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது. நன்னாரி வேறு குடும்பத்துச் செடி என்றாலும் மலிவான மாற்றாகக் கண்ணில் பட்டது. 1831-ல் ஆஷ்பர்னர் என்ற மருத்துவர் அதை ஐரோப்பிய மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1864-ல் வெளிவந்த முதல் பிரிட்டிஷ் மருந்தியல் கையேடு அதைச் சேர்த்துக்கொண்டது. வேராக மட்டுமல்ல, 'நன்னாரி சிரப்' என்ற தயாரிப்பாகவும்.

அந்தக் காலத்துக் கையேட்டின் செய்முறையைப் படித்தபோது கொஞ்சநேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். இடித்த நன்னாரி வேர் 4 அவுன்ஸ். சுத்தச் சீனி 28 அவுன்ஸ். கொதிக்கும் வாலைநீர் 1 பைன்ட், அதாவது 20 அவுன்ஸ். வேரை மூடிய பாத்திரத்தில் 4 மணி நேரம் வெந்நீரில் ஊறவிடு, வடிகட்டு, கசடு அடியில் தங்கும்வரை வை, தெளிந்ததை இறுத்து, சீனி போட்டு மெல்லிய சூட்டில் கரை. முடிவில் கிடைப்பது 2 பவுண்டு 10 அவுன்ஸ் எடை இருக்க வேண்டும்.

2 பவுண்டு 10 அவுன்ஸ் என்பது 42 அவுன்ஸ். அதில் சீனி 28. மூன்றில் இரண்டு பங்கு.

இனி அத்தையின் தம்ளருக்கு வாருங்கள். 200 மில்லி தம்ளர் என்று வைத்துக்கொண்டு வீட்டுச் சீனியை நிறுத்துப் பார்த்தேன். ஒரு தம்ளர் சுமார் 170 கிராம். இரண்டு தம்ளர் 340. அதோடு 200 கிராம் தண்ணீர் சேர்ந்தால் சீனி 63 சதவீதம். அடுப்பில் கொதிக்கும்போது 30 மில்லி ஆவியானால் 340-ஐ 510-ஆல் வகுக்க வேண்டும். 66.7 சதவீதம். லண்டன் கையேட்டின் அதே மூன்றில் இரண்டு. ஆச்சி அந்தக் கையேட்டைப் பார்த்திருக்க வழியில்லை. அவள் மூன்றாம் வகுப்பு. அவளிடம் இருந்தது தம்ளரும், இரண்டு விரலும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்பாள். பிசுக்குப் பதம் வந்ததும் இறக்கிவிடுவாள். கம்பி இழுத்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். ஆறினதும் அடியில் கற்கண்டு கட்டிவிடும்.

இந்த மூன்றில் இரண்டு மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட கணக்கு இல்லை. 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் தாங்கக்கூடிய சீனியின் உச்ச அளவே ஏறக்குறைய அதுதான். அதற்கு மேல் போட்டால் படிகமாக வெளியே வந்துவிடும். கீழே போனால் என்ன ஆகும் என்பதை என் பாட்டில் காட்டியது. பாகில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அந்தத் தண்ணீர் சீனியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதில் விழும் பூஞ்சை வித்து குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், தன் உடம்பில் உள்ளதையும் பாகிடம் இழந்து சுருண்டுவிடும். ஊறுகாயில் உப்பு செய்கிற வேலை. பாதிக்குப் பாதி கரைசலில் அந்தப் பிடி போதாது. அங்கே சீனி காவலாளி வேலையை விட்டுவிட்டு பூஞ்சைக்குச் சாப்பாடாகிவிடுகிறது. அதனால்தான் ஒன்றுக்கு ஒன்று சிரப்பைக் கடைக்காரர்கள் ஃபிரிட்ஜில் வைத்துச் சில வாரங்களில் தீர்த்துவிடுகிறார்கள். நான் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜை மறந்துவிட்டேன். நமக்குத் தேவையான பகுதியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வருவது எங்கள் தொழிலில் தினமும் நடப்பதுதான்.

அமெரிக்க மருந்தியல் கையேட்டின் சாதாரணச் சிரப்பில் 1 லிட்டருக்கு 850 கிராம் சீனி. எடைக்கணக்கில் 65 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. இதுவும் பூஞ்சை அண்டாத எல்லைக்குள்தான் நிற்கிறது, குளிரில் படிகம் கட்டும் ஆபத்தும் குறைவு. படிகம் கட்டாமலிருக்க ஆச்சியிடம் வேறு வழி இருந்தது. பாகு கொதிக்கும்போது அரை எலுமிச்சம்பழம் பிழிவாள். புளிப்பு பட்டுச் சூட்டில் சீனியில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும். இரண்டும் நடுவில் புகுந்து சீனியை ஒழுங்காக அடுக்கவிடாது. இப்படிப் பிரிந்த சர்க்கரை, ஒளியின் தளத்தை எதிர்ப்பக்கம் திருப்பும் என்பதால் வேதியியலில் அதற்குத் 'தலைகீழ்ச் சர்க்கரை' என்று பெயர். ஆச்சி அதற்கு வைத்த பெயர் "முறிக்கிறது". பாகை முறிக்கணும்லே, இல்லன்னா கட்டிக்கும்.

அவளுடைய மற்ற விதிகளுக்கும் இப்போது காரணம் தெரிகிறது. ஈரக் கரண்டி போடாதே: விழும் துளி அந்த இடத்தில் மட்டும் பாகை நீர்க்கவைத்துவிடும். சூடாக மூடாதே: மூடியின் அடியில் ஆவி குளிர்ந்து சொட்டி, பாகின் மேல் மெல்லிய நீர்ப்படலம் கட்டும், பூஞ்சைக்கு அது போதும். வேரைக் கொதிக்கவிடாதே, வெந்நீரில் போட்டு ராத்திரி மூடிவை: நன்னாரி வாசம் ஆவியாகிப் போகிற வாசம். வேர் கொதித்து வீடு மணந்தால், மணக்க வேண்டியது பாட்டிலில் இல்லை என்று அர்த்தம். அந்த மணத்துக்குக் காரணமான பொருள், வெனிலா மணத்தைத் தரும் வெனிலினின் மாற்றியம். அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. மாகாளிக் கிழங்கிலும் அதேதான் இருக்கிறது. மாகாளி ஊறுகாயைப் பார்த்து மூட்டைப்பூச்சி நாற்றம் என்று முகம் சுளிக்கும் என் மனைவி நன்னாரி சர்பத்தை இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்குவாள். இரண்டும் ஒன்று என்று சொல்லிப் பார்த்தேன். நம்பத் தயாராக இல்லை.

இவ்வளவு சீனி ஆச்சியின் அடுக்களைக்கு எப்படி வந்தது என்பது இனிப்பான கதை அல்ல. வெல்லம் நம் ஊரிலேயே உண்டு. கண்ணாடி மாதிரி தெளிந்த பாகு தரும் வெள்ளைச் சீனி வெகுகாலம் பணக்காரப் பண்டம். அதை மலிவாக்கியவர்கள் முதலில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி விலங்கோடு கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை சட்டப்படி முடிந்த 1834-லிருந்து, மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 300-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். நேட்டாலின் கரும்பு வெட்டப் போனவர்கள். பிஜிக்குப் பின்னால் போனார்கள். அங்கே கரும்புத் தோட்டத்தில் பெண்கள் பட்ட பாட்டை பாரதி பாடிவைத்திருக்கிறார். மொரீஷியஸ் சீனியும் ஜாவாச் சீனியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியத் துறைமுகங்களிலேயே வந்து இறங்கின. தஞ்சாவூரிலிருந்து கப்பலேறியவன் வெட்டிய கரும்பு, சீனியாகித் தஞ்சாவூர்க் கடைக்கே திரும்பியிருக்கலாம். 1932-ல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்து வெளிச் சீனிக்கு வரி போட்ட பிறகுதான் உள்நாட்டு ஆலைகள் மளமளவென்று பெருகின. ஆச்சி பிறந்தது அதற்குப் பிறகு.

ஐஸும் அப்படித்தான். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், ஃபிரெடரிக் டியூடரின் கம்பெனி அமெரிக்கக் குளங்களில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டியது. அதனால்தான் அந்த இடத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். நன்னாரி மலையில் எப்போதும் இருந்தது, எலுமிச்சையும் இருந்தது. ஆனால் ஒரு தம்ளரில் வேர்ச்சாறு, வெள்ளைச் சீனிப் பாகு, எலுமிச்சை, ஐஸ் எல்லாம் சேர்ந்து, பாரசீகப் பெயரோடு, தள்ளுவண்டிக்காரர் விற்று ஏழைகளும் வாங்கும் விலைக்கு வர இத்தனை கப்பல்கள் ஓட வேண்டியிருந்தது. பாரம்பரிய பானம் என்று பாட்டிலில் அச்சடித்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இப்போது கொஞ்சம் சிரிப்பு வரும். பொய் என்று சொல்லமாட்டேன். யாருடைய பாரம்பரியம் என்று கேட்டால் பட்டியல் நீளம், அவ்வளவுதான்.

மருந்துக் கிளை என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீரில் கரையாத மருந்துகள் வந்தபோது சீனிப்பாகு மட்டும் போதவில்லை, வேறு கரைப்பான்கள் வந்தன. 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெரி மணம் சேர்த்து விற்றார்கள். மணம், நிறம், ருசி எல்லாவற்றையும் சோதித்தார்கள், விஷமா என்று மட்டும் சோதிக்கவில்லை. அந்தக் கரைப்பானுக்கும் இனிப்புச் சுவை. 100 பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், பலர் குழந்தைகள். அந்த நிறுவனத்தின் மேல் போட முடிந்த வழக்கு, சாராயம் இல்லாத திரவத்துக்கு 'எலிக்ஸிர்' என்று பெயர் வைத்தது தவறு என்பது மட்டும்தான். விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் 1938-ல்தான் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் சென்னையிலேயே அதே விஷம் கலந்த சிரப்பால் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. 2022-ல் இந்தியாவில் தயாரான சிரப்புகளைக் குடித்து காம்பியாவில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேல். அந்தக் கடைசி மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து அது ஒரு மணி நேரத் தொலைவு. செய்தி வந்த ராத்திரி எங்கள் அலமாரியில் இருந்த மகளின் இருமல் சிரப்பை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொடி எழுத்துகளைப் படித்தேன். வேறு நிறுவனம், வேறு தொகுதி. இருந்தாலும் கொண்டுபோய்க் கொட்டினேன். பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தும் பார்த்தேன், என்ன கண்டுபிடிக்கப் போகிறேன் என்று தெரியாமலே. இனிப்பாக இருந்தது. கசப்பை மறைக்கத்தானே ஆயிரம் வருஷமாக அதில் இனிப்பைச் சேர்க்கிறோம். குழந்தை வாயைத் திறக்க வேண்டும். மறைக்கத் தெரிந்த ஒன்று எதை மறைக்கிறது என்பதை நாக்கு சொல்லாது, பரிசோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். அங்கே இருக்க வேண்டியவர்கள் இருந்தார்களா என்பதுதான் அந்தப் பெற்றோர்களின் கேள்வி. எனக்கும் அதே கேள்விதான்.

இந்த வருஷம் பங்குனியில் மறுபடி காய்ச்சினேன். இந்தத் தடவை கணக்கைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். மூன்றில் இரண்டு பங்கு சீனி உள்ள சிரப் ஒரு தம்ளர் சர்பத்துக்கு 30 மில்லி ஊற்றினால் உள்ளே போகும் சீனி சுமார் 27 கிராம். அப்பாவுக்கு இது நினைத்தே பார்க்க முடியாத அளவு. ஆனால் பாட்டிலில் சீனியைக் குறைத்தால் பூஞ்சை. குறைக்க வேண்டிய இடம் தம்ளர். அப்படிக் குறைத்தால் வாசமும் சேர்ந்து குறைகிறதே என்றால், அதற்கு வழி வேரில் இருக்கிறது. 7 பங்கு சீனிக்கு 1 பங்கு வேர் என்ற பழைய கணக்கை 2 பங்கு வேர் என்று மாற்றினேன். வேரை இடித்து, நடுவில் இருக்கும் குச்சியை எடுத்து எறிந்துவிட்டு, வெந்நீர் ஊற்றி, தட்டு போட்டு மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்தேன். காலையில் வடித்து, கசடு தங்கவிட்டு, தெளிவை நிறுத்து, அதைப் போல இரண்டு மடங்கு எடைக்குச் சீனி. கொதி வந்ததும் அரை எலுமிச்சம்பழம். மேலே வந்த அழுக்கு நுரையைக் கரண்டியால் எடுத்தேன். நிறத்துக்கு ஆச்சி இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி சீனியைக் கருக்கிச் சேர்ப்பாள். என் சட்டியில் அது கருகல் வாடையாகிவிட்டது, விட்டுவிட்டேன். அதனால் என் சர்பத் தேன் நிறம், அவளுடையது காபி நிறம்.

ஆறவிட்டு, உலர்ந்த பாட்டில்களில் ஊற்றி, ஒன்றைப் பலகையிலும் மற்றவற்றை ஃபிரிட்ஜிலும் வைத்தேன். முழு நம்பிக்கை இன்னும் வரவில்லை. பலகையில் வைத்தது 40 நாள் தாண்டிவிட்டது, தெளிவாக இருக்கிறது.

அப்பாவின் டாக்டரிடம் கேட்டதில், எப்போதாவது ஒரு டீஸ்பூன், அதையும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு டீஸ்பூன் என்றால் நாலரை கிராம் சீனிக்குள். மண்பானைத் தண்ணீரில் கலந்து, எலுமிச்சை பிழிந்து, ஐஸ் இல்லாமல் கொடுத்தேன். தம்ளரை மூக்குக்குக் கிட்டே வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா இன்னும் கொஞ்சம் எலுமிச்சம்பழம் புழிவா."